ஆண் வாரிசு இல்லாமல் போன பட்டம்: பக்கிங்ஹாம் பயணக் குறிப்புகள்

ஆகஸ்ட் 5, செவ்வாய் – லண்டன்

காலையில் தூறல். பத்தரை மணிக்கெல்லாம் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. உள்ளே போகக் காசு கிடையாது. அதனால் மழைக்கு ஒதுங்கியவர்களும் உள்ளே இருந்தார்கள். நான் தேடிப்போனது ஒரே ஒரு படம். கறுப்பு உடை, நாடா அவிழ்ந்த வெள்ளைக் காலர், இடது காதில் சின்னத் தங்க வளையம், ஷேக்ஸ்பியர். நம் பாடப் புத்தகங்களில் பார்த்துப் பழகிய முகம்தான். இந்தப் படத்துக்குப் பெயர் ‘சாண்டோஸ் படம்’. 1856-இல் இந்தக் கேலரியைத் தொடங்கியபோது அவர்கள் கணக்கில் ஏறிய முதல் படம் இதுதான்.

சாண்டோஸ் என்பது ஒரு டியூக் பட்டம், பிரபுக்களில் மிக உயர்ந்த படி. அந்தக் குடும்பத்துச் சொத்தாக இந்தப் படம் கைமாறி வந்து, 1848-இல் கடனுக்காக ஏலத்துக்குப் போனது. 355 கினிக்கு (பழைய பிரிட்டிஷ் பணக்கணக்கு) வாங்கிய எல்ஸ்மியர் பிரபு, பிறகு கேலரிக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஏலத்துக்கு ஆளான குடும்பத்தைத் தேடித்தான் இந்தப் பயணம். பக்கிங்ஹாம் மற்றும் சாண்டோஸ் டியூக் என்பது அவர்களுடைய முழுப் பட்டம். 1822-இல் பிறந்து 1889-இல் இல்லாமல் போனது, மொத்தம் மூன்றே டியூக்குகள். மூன்றாமவர்தான் சென்னை கவர்னராக இருந்தவர். பக்கிங்ஹாம் கால்வாயில் இருக்கும் பெயர் அவருடையது. பெரம்பூரில் பல தலைமுறைக்குச் சோறு போட்ட பி அண்ட் சி மில்லில் ‘பி’யும் அவர்தான்.

மதியம் ஸ்பெயினிலிருந்து வந்த பிள்ளைகள் கூட்டம் ஒன்று அறையை நிறைத்தது. அவர்களுடைய ஆசிரியை என்னைப் படத்துக்கு நேரே நிற்க வைத்து, பிள்ளைகளை எனக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தினார். வயதில் மூத்தவள் என்று மரியாதை. இரண்டு நிமிஷம் எனக்கே எனக்கு அந்தப் படம் கிடைத்தது.

ஆகஸ்ட் 6, புதன் – பக்கிங்ஹாம் ஊர்

சித்தி மகள் மில்டன் கீன்ஸில் இருக்கிறாள். அங்கிருந்து பக்கிங்ஹாமுக்கு பஸ். அறிவிப்புப் பலகையில் நாலு நிமிஷம் என்று காட்டிய பஸ், பிறகு பலகையிலிருந்தே காணாமல் போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். ஆகஸ்ட் மாதத்தில் அப்படி ஒரு குளிர்காற்று. பக்கத்தில் சக்கரப் பையோடு நின்ற பெரியவர் ஒருவர், தான் பஸ் கம்பெனிக்காரர் போலவே எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். பையைத் துழாவி ஆளுக்கொரு புதினா மிட்டாய் கொடுத்தார். “அக்கா, இந்த ஊர்ல யாரோ செஞ்ச தப்புக்கு யாரோ ஸாரி சொல்வாங்க” என்றாள் தங்கை. எனக்கு அந்தக் குணம் பிடித்திருந்தது.

ஒருகாலத்தில் இந்த ஊருக்கு ரயில் இருந்தது. நம் கவர்னர், அப்பா உயிரோடு இருந்த காலத்தில், ரயிலில்தான் பெயர் எடுத்தவர். லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனிக்கு 1853 முதல் 1861 வரை அவர்தான் தலைவர். 1960-களில் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள்.

ஊர் நடுவில் கோட்டை மாதிரி ஒரு பழைய சிறை. 1748-இல் காப்ஹம் பிரபு கட்டியது. நீதிமன்ற அமர்வுகள் ஐல்ஸ்பரிக்குப் போய்விடக் கூடாது என்று தன் ஊருக்குச் சிறை கட்டிக் கொடுத்தார். இப்போது அது அருங்காட்சியகம்.

சாப்பாடு: வேகவைத்த பெரிய உருளைக்கிழங்கைப் பிளந்து, மேலே சீஸும் பீன்ஸும், 8 பவுண்டு 50. உப்பு கம்மி. பரிமாறிய பெண் நான் மிளகுத்தூள் கேட்டதும் டப்பாவையே மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 7, வியாழன் – ஸ்டோவ்

இன்றைக்கு எழுதத்தான் நிறைய இருக்கிறது.

ஸ்டோவ்தான் அந்த டியூக் குடும்பத்தின் மாளிகை. ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது. வாசலில் இருந்த பழைய சத்திரத்தைப் புதுப்பித்து டிக்கெட் கொடுக்கிறார்கள். அங்கிருந்து ஆடு மேயும் புல்வெளி வழியாக இறங்கினால் ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் மேட்டில், வெயில் பட்டுத் தேன் நிறத்தில் அந்த மாளிகை. அரண்மனை என்றே சொல்லலாம். இங்கிலாந்து ராஜாவுக்கே இப்படி ஒரு தோட்டம் இல்லை என்று சொல்லும் அளவுக்கு இருந்த இடம். இப்போது தோட்டம், பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம். மாளிகையில் 1923 முதல் பள்ளிக்கூடம். கோடை விடுமுறை என்பதால் உள்ளேயும் விட்டார்கள்.

தோட்டத்தை உருவாக்கியவர் ரிச்சர்ட் டெம்பிள், அதே காப்ஹம் பிரபு. போர்த் தளபதி. மனைவி ஆன் ஹால்சி லண்டன் பீர் ஆலை முதலாளியின் மகள். தோட்டத்துக்குக் கொட்டிய பணத்தில் அவள் கொண்டுவந்ததும் உண்டு. பிள்ளை இல்லை. 1718-இல் அவருக்கு விஸ்கவுண்ட் (டியூக்குக்கு மூன்று படி கீழே) பட்டம் கொடுத்த அரச சாசனத்தில், வாரிசு இல்லையென்றால் தங்கை ஹெஸ்டருக்கும் அவள் வழி ஆண்களுக்கும், அவர்களும் இல்லையென்றால் இன்னொரு தங்கை கிறிஸ்டியன் வழிக்கும் போகட்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். 1749-இல் அவர் இறந்ததும் ஹெஸ்டர் பட்டத்துக்கு வந்தாள். அதே வருஷம் அவளுக்கே தனியாக டெம்பிள் கவுண்டஸ் (விஸ்கவுண்டுக்கு மேலான ஏர்ல் பட்டத்தின் பெண் வடிவம்) பட்டமும் கிடைத்தது. கிரென்வில் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். டெம்பிள் வீட்டுச் சொத்து கிரென்வில் வீட்டுக்கு வந்த வழி அதுதான்.

இங்கே பட்டம் என்பது நிலம் போல விருப்பப்படி எழுதிவைக்கக்கூடியது அல்ல. ராஜா கொடுத்த சாசனத்தில் என்ன வாசகமோ அதன்படிதான் இறங்கும். பெரும்பாலான சாசனங்களில் ‘அவர் உடலில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு’ என்று ஒரே வரி. அந்த வரிக்குள் அடங்கும் கடைசி ஆண் செத்தால் பட்டமும் சேர்ந்து செத்தது. மகள் இருந்தாலும், தத்துப் பிள்ளை இருந்தாலும் பயனில்லை.

ஹெஸ்டரின் மகனுக்கும் வாரிசு இல்லாமல், தம்பி மகன் ஜார்ஜ் வந்தார். அவர் கட்டிய மேரி, நுஜென்ட் பிரபுவின் மகள். அவளோடு நுஜென்ட் சொத்தும் நுஜென்ட் பெயரும் வந்தன. 1784-இல் ஜார்ஜுக்கு பக்கிங்ஹாம் மார்க்விஸ் பட்டம், டியூக்குக்கு அடுத்த படி. அவர் மகன் ரிச்சர்ட் கட்டியது ஆன் எலைசா பிரிட்ஜஸ். மூன்றாவது சாண்டோஸ் டியூக்கின் ஒரே மகள். அப்பா 1789-இல் இறந்தபோது ஆண் பிள்ளை இல்லாததால் அந்த டியூக் பட்டம் அத்தோடு முடிந்திருந்தது. பெயரும் சொத்தும் மட்டும் அவளோடு வந்தன. 1822 பிப்ரவரியில் அவள் கணவருக்கு டியூக் பட்டம் கிடைத்தபோது, போன பட்டத்தின் பெயரையும் ஒட்டிக்கொண்டார்கள்: பக்கிங்ஹாம் மற்றும் சாண்டோஸ் டியூக்.

குடும்பப் பெயரைப் பாருங்கள். டெம்பிள்-நுஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். ஐந்தில் நாலு பெண்கள் கொண்டுவந்தவை.

மாளிகைக்குள் வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், தன்னார்வலர். சோன் என்ற கட்டடக் கலைஞர் 1805-இல் அமைத்த கோதிக் நூலகத்தைப் பற்றிச் சொல்லும்போது, இந்தக் குடும்பத்தின் சின்னங்களை எல்லாம் கூட்டி வரைந்த ஒரு பலகையைப் பற்றிச் சொன்னார். 719 கட்டங்கள். சொத்துக்கும் சின்னத்துக்கும் வாரிசான ஒரு பெண் இந்த வம்சத்திலோ அதன் முன்னோர் வம்சங்களிலோ வாழ்க்கைப்படும்போது, அவள் பிறந்த வீட்டுச் சின்னங்கள் புகுந்த வீட்டுக் கேடயத்தில் வந்து சேரும். கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். விரல் நகத்தளவு கட்டங்கள்: சிங்கம், பறவை, பட்டை, சிலுவை, மறுபடி சிங்கம். எனக்கு நெஞ்சு அடைத்தது. வரிசை வரிசையாகப் பெண்கள் கொண்டுவந்ததை எண்ணி எண்ணி வரைந்து பெருமைப்பட்ட வீட்டில், மகள்தான் இருக்கிறாள் என்று பட்டம் முடிந்துபோனது. இதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “இத்தனை வருஷமாக நான் இதைப் பணக்கணக்காகத்தான் சொல்லி வந்திருக்கிறேன்” என்றார்.

பணக்கணக்கும் உண்டு. இரண்டாவது டியூக் கடன்மேல் கடன் வாங்கி நிலம் வாங்கியவர். நிலத்தில் வரும் வருமானத்தை விடக் கடனுக்கு வட்டி அதிகம். 1845 ஜனவரியில் விக்டோரியா ராணி இங்கே வந்து தங்கினார். அந்த உபசாரத்துக்குச் செய்த செலவுக்குக் கணக்கே இல்லை. மூன்றே வருஷத்தில், கடன் பத்து லட்சம் பவுண்டைத் தாண்டிய நிலையில், கிறிஸ்டிஸ் கம்பெனி இந்த வீட்டுக்குள்ளேயே ஏலம் போட்டது. நாற்பது நாள். சிலை, ஓவியம், பீங்கான், ஒயின் எல்லாம் விற்று வந்தது 75 ஆயிரம் பவுண்டு சொச்சம்.

தெற்கு வாசல் படிக்கட்டில் இரண்டு கறுப்புச் சிங்கங்கள், முன்காலடியில் ஒரு உருண்டை. பிடரி மயிர் கற்றை கற்றையாக, தொட்டால் சூடாக இருந்தது. இவை நகல். அசல் சிங்கங்கள் 1921 ஏலத்தில் போய், பிளாக்பூல் ஊர்ப் பூங்காவுக்குச் சேர்ந்துவிட்டன. 2013-இல்தான் வார்த்து வைத்தார்கள். ஒரு சின்னப் பையன் சிங்கத்தின் வாய்க்குள் கையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா தடுக்கவே இல்லை.

ஏரிக்கரையில் பிரிட்டனின் மேன்மக்கள் என்று ஒரு சுவர். மாடங்களில் 16 மார்பளவுச் சிலைகள்: நியூட்டன், மில்டன், ஷேக்ஸ்பியர், ஆல்ஃபிரட் ராஜா என்று. அதில் பெண் ஒரே ஒருத்தி, முதலாம் எலிசபெத்.

ஸ்கோன், ஜாம், கெட்டி க்ரீம், ஒரு பானைத் தேநீர்: 7 பவுண்டு 20. க்ரீம் நம் ஊர் ஆடையைவிடக் கெட்டி. மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. மரத்தடியில் நின்ற ஒரு தம்பதி எங்களைத் தங்கள் குடைக்குள் கூப்பிட்டார்கள். நாலு பேர் ஒரு குடையில், யாரும் யாரோடும் பேசாமல், மழை விடும்வரை நின்றோம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி – வாட்டன் அண்டர்வுட்

பஸ் இல்லாத கிராமம். டாக்சிக்கு ஒரு வழிக்கே 40 பவுண்டு. மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் போனோம். மூன்றாவது டியூக் ஸ்டோவைவிட இங்கேதான் விரும்பி வாழ்ந்தார். அவருடைய அடக்கமும் இங்கேதான். தேவாலயம் பூட்டியிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் புல் முழங்கால் உயரம், காற்றில் ஈர மண் வாசனை. நாயோடு வந்த ஒரு அம்மாள், யாரைத் தேடுகிறீர்கள் என்றார். சொன்னேன். “ஓ, ரயில் டியூக்!” என்றார். சென்னையில் கவர்னராக இருந்தது அவருக்குத் தெரியாது. சொல்லச் சொன்னார். நின்றபடியே சொன்னேன்.

அவர் 1875 நவம்பரில் சென்னைக்கு வந்தார். மனைவி முந்தின வருஷம்தான் இறந்திருந்தாள். அடுத்த வருஷமே மழை பொய்த்தது. நாம் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வது. டியூக்கின் அரசு தனியார் கம்பெனி மூலம் 30 ஆயிரம் டன் தானியம் ரகசியமாக வாங்கியது. வியாபாரத்தில் அரசு தலையிடுவதா என்று வைஸ்ராய் லிட்டன் கொதித்தார். செலவைக் கட்டுப்படுத்த 1877 ஜனவரியில் ஒரு அதிகாரியை அனுப்பினார். அந்த அதிகாரியின் பெயரும் சர் ரிச்சர்ட் டெம்பிள். ஸ்டோவ் தோட்டம் போட்டவரின் அதே பெயர். நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அவர் கூலியைக் குறைத்தார். அரைக்கிலோவுக்கும் குறைவு. பெண்களுக்கு அதிலும் கம்மி. இது ஆளைக் கொல்லும் அளவு என்று சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் விடாமல் எழுதினார். பிறகு சென்னை அரசு கூலியை உயர்த்தியது. ஆகஸ்டில் டியூக் தலைமையில் கூட்டம் போட்டு லண்டன் மேயருக்கு உதவி கேட்டார்கள், பணமும் வந்தது. அதற்குள் லட்சக்கணக்கான பேர் செத்துவிட்டார்கள்.

அந்தப் பஞ்ச வேலையில்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து எட்டு கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். வடக்கே 1806 முதலே இருந்த கால்வாயோடு அது சேர்ந்ததும், முழுக் கால்வாய்க்கும் டியூக் பெயர் வைத்தார்கள். வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் எங்கும் இல்லை. டியூக் கல்நெஞ்சர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கால்வாயில் அவர் பெயரைப் படிக்கும்போதெல்லாம் கூலிக்கு நின்ற கூட்டம்தான் எனக்குத் தோன்றும்.

அந்த அம்மாள் நாயை உட்கார வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, “இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை” என்றார். டாக்சிக்காகச் சாலையில் நிற்க விடாமல் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தேநீரும் இஞ்சி பிஸ்கட்டும் கொடுத்தார்.

ஆகஸ்ட் 9, சனி – குவெய்ன்டன்

டியூக் 1871-இல் தன் நிலங்களுக்காகப் போட்ட சின்ன ரயில்பாதை குவெய்ன்டன் ரோடு ஸ்டேஷனில் தொடங்கி பிரில் வரை போனது. பின்னாளில் லண்டன் பாதாள ரயில் வலையமைப்பில் ஒரு கிளையாகவே ஆகி, 1935-இல் மூடினார்கள். ஸ்டேஷன் இப்போது நீராவி எஞ்சின் அருங்காட்சியகம். கரிப்புகை கண்ணில் எரிந்தது. பன்றி இறைச்சி இல்லாத சாண்ட்விச் கேட்டதற்கு, முட்டை சாண்ட்விச்சைப் புதிதாகச் செய்து 4 பவுண்டுக்குக் கொடுத்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு – மறுபடி லண்டன்

பேடிங்டன் ஸ்டேஷனை ஒட்டிய பழைய ஹோட்டலில்தான் இரண்டாவது டியூக் 1861-இல் இறந்தார். ஸ்டோவில் பிறந்தவருக்குக் கடைசிக் காலம் ரயில் ஹோட்டலில். லாபியில் பெட்டிகளை உருட்டும் சத்தம் ஓயவே இல்லை. பத்து நிமிஷம் நின்றுவிட்டு வந்துவிட்டோம்.

அங்கிருந்து மேரிலெபோன் பக்கம் குயின் ஆன் தெரு. சாண்டோஸ் ஹவுஸ். ராபர்ட் ஆடம் கட்டிய, அலங்காரம் குறைந்த சாம்பல் கல் வீடு. வாசலில் இரும்பு விளக்குத் தூண்கள். ஞாயிற்றுக்கிழமை, தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. மூன்றாவது டியூக் 1889 மார்ச் 26 அன்று சாண்டோஸ் ஹவுஸில் இறந்தார். அப்பா வைத்துவிட்டுப் போன கடனைத் தன் காலமெல்லாம் அடைத்தவர். மூன்று மகள்கள்: மேரி, ஆன், கரோலின். அறுபதைத் தாண்டிய பிறகு 1885-இல் மறுமணம் செய்தும் ஆண் பிள்ளை பிறக்கவில்லை.

அன்றைக்கு அவருடைய பட்டங்கள் பிரிந்து போன விதத்தை அந்தத் தெருவில் நின்று தங்கைக்கு விளக்கினேன். டியூக் பட்டமும் மார்க்விஸ் பட்டங்களும் அற்றுப்போயின. காப்ஹம் விஸ்கவுண்ட் பட்டம், 1718 சாசனத்தில் எழுதியிருந்த அந்த இரண்டாவது தங்கை கிறிஸ்டியனின் வழிக்கு, லிட்டல்டன் குடும்பத்துக்குப் போனது. 171 வருஷம் காத்திருந்த ஒரு வரி அன்றைக்கு வேலை செய்தது. ஸ்டோவ் டெம்பிள் ஏர்ல் என்ற பட்டம், டியூக்கின் அக்கா ஆனாவின் மகனுக்கு. 1822-இல் தாத்தா டியூக் ஆனபோது வீட்டில் இருந்த ஒரே பேரக்குழந்தை இந்த ஆனா, இரண்டு வயது. அவள் வழிக்கு என்று அந்த ஒரு பட்டத்தை மட்டும் தனியாக எழுதி வாங்கியிருந்தார்.

“அப்போ டியூக் பட்டத்துக்கும் அப்படி எழுதியிருக்கலாமே அக்கா?”

எழுதியிருக்கலாம். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஒரே நாளில், ஒரே வீட்டுக்கு, ஒரு சாசனத்தில் பேத்தியின் பெயர் இருக்கிறது, பெரிய பட்டத்தில் இல்லை. 1863-இல் சிவகங்கை ஜமீன் யாருக்கு என்ற வழக்கில், அண்ணன் தம்பி வழி ஆண்களைத் தள்ளிவிட்டு மகள் காத்தம நாச்சியாருக்குத் தீர்ப்புச் சொன்னது இதே லண்டனில் இருந்த, அன்றைய இந்தியாவுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில்தான். அவர்கள் வீட்டு டியூக் பட்டத்துக்கு அந்த வழி இல்லை.

மேரிக்கு ஒன்று கிடைத்தது. கின்லாஸ் என்ற பழைய ஸ்காட்லாந்துப் பட்டம், டியூக்கின் பாட்டி ஆன் எலைசா வழியாக வந்தது. 1868-இல்தான் பிரபுக்கள் சபை அதை டியூக்குக்கு உறுதிசெய்தது. ஸ்காட்லாந்துப் பட்டங்கள் பலவற்றைப் போல அதில் பெண்ணுக்கும் உரிமை உண்டு. அப்பா இறந்ததும் மேரி கின்லாஸ் சீமாட்டி ஆனார். ஸ்டோவும் அவருக்கு வந்தது. பிரெஞ்சு ராஜ வம்சத்துப் பாரிஸ் கோமகனுக்கு அதை வாடகைக்கு விட்டார். அவர் 1894-இல் அங்கேயே இறந்தார். மேரியின் மூத்த மகன் 1914-இல் போரில் மாண்டான். அடுத்த மகன் 1921-இல் ஸ்டோவை விற்றான். மேரி 1944 வரை வாழ்ந்தார்.

மேரிக்குப் பிறகு கின்லாஸ் பட்டம் பேத்திக்கு வந்தது. அவர் 1999 வரை பிரபுக்கள் சபை உறுப்பினராக இருந்தார். 2012-இல் அவர் காலமானதும் அது அவருடைய மகளுக்குப் போனது.